பொதுமேசை

“இது பெரிய இடத்துப் பிள்ளைகளின் ஆட்டமல்லவா, சேர்?” கண்டியைச் சூழ்ந்த தோட்டத்து லயங்களிலிருந்து வரும் எம் மாணவர், சதுரங்கம் கற்கையில் இவ்வாறு வினவுவதுண்டு. நியாயமான வினாவே. இதற்கு விடையை இந்தியத் தேசியச் சதுரங்கப் போட்டியின் வரலாற்றில் காண்கிறோம்.

1955இல் ஆந்திரத்து ஏலூரு நகரில் தொடங்கிய அப்போட்டியில், 1959 முதல் 1981 வரை ஒன்பது முறை வாகை சூடியவர் மானுவல் ஆரோன். பர்மாவிலே பிறந்து தமிழகத்திலே வளர்ந்த தமிழர். 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர். ஆயினும், அவர் பெற்ற பட்டங்களினும் அவர் திறந்த கதவே பெரிதென்போம். சென்னைச் சோவியத் கலாசார நிலையத்தில் 1972இல் அவர் முன்னின்று அமைத்த தால் சதுரங்கக் கழகத்திலே ஆடிப் பழகிய சிறுவன் விசுவநாதன் ஆனந்த், 1986இல் தேசிய வாகை சூடினான். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டரானான்.

ஆனந்த் ஏழை வீட்டுப் பிள்ளையல்லன். ரயில்வே உயரதிகாரியின் மைந்தன். அவனுக்கே வீட்டுப் பலகை போதவில்லை. பலரும் கூடியாடும் பொதுமேசை வேண்டியிருந்தது. அங்ஙனமாயின், ஆட்டம் முடியுமுன் கடைசி பஸ்ஸுக்கு எழுந்தோடும் தோட்டத்துப் பிள்ளைக்கு அது எத்துணை வேண்டும்!

திறமை எம் மலைகளிலும் பிறக்கிறது. அது அமர்வதற்கு ஓர் இடம் கேட்பது பிச்சையன்று; உரிமை.