மிலிட்டரிக்காரரின் பாட்டு நோட்டு

பட்டாளத்திலிருந்து ரிட்டையராகி வந்தவரிடம் ஊர் எதிர்பார்ப்பது இரண்டு: சண்டைக் கதை, மிலிட்டரி கேண்டீன் சரக்கு. பொத்தேரியில் எங்கள் தெருவில் வாழ்ந்து மறைந்த மெட்ராஸ் ரெஜிமெண்ட் பெரியவரிடம் இரண்டும் கிடைக்காது. பாட்டு மட்டும் கிடைக்கும். ஏரிக்கரையில் நடக்கும்போது பாடுவார். பீச் போகும் மின்சார ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அங்கேயும் பாடுவார். ராணுவ அதிகாரிகள் பயிற்சி பெறும் பரங்கிமலை நெருங்கினால் குரல் தானாகக் கொஞ்சம் ஏறும். காலேஜ் பிள்ளைகள் இயர்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

டி.எம்.எஸ்., சீர்காழி, முகமது ரஃபி எல்லோரும் அவருக்குச் சொந்தக்காரர்கள். ஆனால் நடக்கும்போது ஒரே பாட்டுதான்: ‘கதம் கதம் படாயே ஜா’.

“இதுக்கு மெட்டுப் போட்டவரும் சிப்பாய்தான் தம்பி” என்று பெருமையாகச் சொல்வார்.

அந்தச் சிப்பாய் ராம் சிங் டாக்குரி. 1914 ஆகஸ்ட் 15 அன்று தர்மசாலா அருகே பிறந்த கூர்க்கா. பிரிட்டிஷ் இந்தியப் படையோடு மலேயா போனவர், ஜப்பானியரிடம் போர்க் கைதியானார். பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். நேதாஜி அவருக்கு ஒரு வயலினைப் பரிசளித்தார். விடுதலை நாளையொட்டி 1947-ல் செங்கோட்டையில் ராம் சிங்கின் இசைக்குழு வாசித்தது. பின்னாளில் உத்தரப் பிரதேச ஆயுதப்படைப் போலீஸின் பேண்டில் பணியாற்றி, 2002-ல் லக்னோவில் காலமானார்.

இந்திய தேசிய ராணுவத்தில் அவருடைய மெட்டுக்குக் கால் எடுத்து வைத்தவர்களில் மலேயா ரப்பர்த் தோட்டங்களில் மரம் சீவிய தமிழர்கள் ஏராளம். துப்பாக்கி புதிது, இந்துஸ்தானி புதிது. எதிர்ப்பக்கத்துப் பிரிட்டிஷ் இந்தியப் படையிலும் தமிழர்கள் இருந்தார்கள். சண்டை என்று வந்தால் ஏதாவது ஒரு பக்கம் நின்றாக வேண்டும். மெட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வெள்ளைக்காரர்கள் ராஜத்துரோகம் என்று தடுத்த அந்தப் பாட்டை இன்று இந்திய ராணுவ பேண்டுகள் வாசிக்கின்றன. சுதந்திரத்துக்குப் பிறகும் நேதாஜியின் வீரர்களை ராணுவம் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆட்களை ஏற்காத படை, அவர்கள் பாட்டை ஏற்றுக்கொண்டது.

பாட்டைப் பெரியவர் பொழுதுபோக்காக நினைத்ததே இல்லை. குன்னூர் வெலிங்டனில் பயிற்சி எடுத்தபோது தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் பையன்கள் ஒரே வரிசையில் நின்றார்களாம். “முதுகுல மூட்டை இருக்கறப்ப பேச்சு வராது தம்பி, பாட்டு வரும். பக்கத்துல இருக்கறவன் பேசறது புரியலன்னாலும் அவன் கால் எங்க விழுதுன்னு பாட்டுல தெரிஞ்சிடும்” என்பார். போரைப் பற்றிக் கேட்டால் மட்டும் வேறு பாட்டுக்குத் தாவிவிடுவார். மழுப்புகிறார் என்றே வெகுநாள் எண்ணியிருந்தேன். யோசித்துப் பார்த்தால், பட்டாளத்தில் கிடைத்தவற்றில் ஊருக்குக் கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதை அவர் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். எங்களுக்குத்தான் வேறொன்று வேண்டியிருந்தது.

பெரியவரின் காரியம் முடிந்ததும் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். மெடல்கள் மகனுக்கு, டிஸ்சார்ஜ் புக் குடும்பப் பென்ஷன் ஃபைலுக்கு என்று முடிவானது. அடியில் நீளமான ஒரு நோட்டு இருந்தது. முழுக்க இந்திப் பாட்டுகள், தமிழ் எழுத்தில். நம் ‘க’வையும் ‘ப’வையும் வைத்துக்கொண்டு இந்தி ஒலிகளைப் பிரிக்க முடியாதே என்று, சில எழுத்துகளின் கீழே கோடு, சிலவற்றின் மேலே புள்ளி என்று தனக்கென ஒரு முறை வகுத்திருந்தார். பள்ளிப்படிப்பை முடிக்காத மனிதரின் ஒலியியல்.

பேத்தி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். “உனக்கு இந்தி தெரியாதே?” என்றார் அவள் அப்பா. “மெட்டு தெரியும்பா” என்றாள். மலேயாவில் வரிசையில் நின்ற தோட்டத் தொழிலாளிக்கும் தொடங்கும்போது அவ்வளவுதான் தெரிந்திருக்கும்.