வெளியிடக் கழிவறையும் குழந்தையின் அச்சமும்

வீட்டில் கழிவறைக்குச் சென்று பழகிய குழந்தை வெளியிடத்தில் போக மறுத்தால், அதைப் பிடிவாதம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். பெரும்பாலும் அது அச்சமே. கோபாலபுரத்திலிருந்து செம்மொழிப் பூங்காவுக்கோ ஆயிரம் விளக்குப் பள்ளிவாசலுக்கோ செல்வது நமக்குச் சிறு தொலைவுதான். குழந்தைக்கோ புது இடத்தின் பெரிய கோப்பையும் ஃப்ளஷ் இரைச்சலும் ஈரத் தரையும் மிரட்சி தருபவை. மிரண்ட குழந்தை அடக்கிக்கொள்ளும். அது வழக்கமானால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரக்கூடும்.

கிராமவாசி ஒருவர் மஸ்ஜிதுந் நபவியிலேயே சிறுநீர் கழித்தபோது தோழர்கள் அதட்டினர். நபி (ஸல்) அவர்களோ, அவர் முடிக்கும்வரை விட்டுவிடச் சொல்லி, பிறகு அவ்விடத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் செய்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. வளர்ந்தவரிடமே இத்தனை கனிவு என்றால், குழந்தையிடம் நாம் எப்படி நடக்க வேண்டும்!

புறப்படுமுன் ஒருமுறை போகச் செய்வோம். சென்று சேர்ந்ததும், அவசரம் வருமுன்பே கழிவறையைக் காட்டிவைப்போம். உட்காரும்போது அக்குளில் கைகொடுத்துத் தாங்குவோம். குழந்தை வெளியே வந்தபின் ஃப்ளஷ் செய்வோம். இஸ்தின்ஜாவுக்குத் தண்ணீரும் மாற்றுடையும் பையில் இருக்கட்டும். வாசலில் துஆ ஓதி, இடக்காலை முன்வைக்கும் வீட்டு வழக்கத்தை அங்கும் தொடர்வோம். இடம் புதிதானாலும் முறை பழகியது என்பதே குழந்தைக்குத் துணிவு தரும்.

தவறிப்போய் உடை நனைந்தால் அதட்ட வேண்டாம். பள்ளியின் தரையைக் கழுவிவிடலாம். பலர் முன் பட்ட வெட்கமோ குழந்தையைப் பள்ளியிலிருந்தே விலக்கிவிடும். வல்ல ரஹ்மான் நமக்குப் பொறுமையைத் தருவானாக! ஆமீன்.