ஞாயிற்றுக்கிழமை மீட்பு இயக்கம்

எங்கள் பூஜாங் ஸார் ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸுக்கு வருவார். அதுதான் பிரச்னை.

பூஜாங் என்பது அவர் பெயரில்லை. கொரிய மொழியில் இலாகாத் தலைவர் என்று அர்த்தம். மரியாதைக்கு 'நிம்' சேர்த்து 'பூஜாங்நிம்'. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டி, 1998-ல் சான்ட்ரோ வெளியே வந்தது. பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகளும் வந்து இறங்கின. அப்படிப்பட்ட ஒரு கம்பெனியில்தான் நான் அட்மின் பிரிவு. ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரில் இன்று கொரிய எழுத்தில் ஓட்டல் போர்டு தொங்குகிறது. ஒரகடம் பக்கம் 2010-ல் ரெனோ-நிஸான் தொழிற்சாலை திறந்தபிறகு, ஜப்பான்காரர்களும் வந்து சேர்ந்தார்கள்.

பூஜாங் குடும்பத்தை ஊல்ஸானில் விட்டுவிட்டுத் தனியாக வந்தவர். ஃப்ளாட்டில் டி.வி. உண்டு, பேச ஆளில்லை. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஆபீஸில் வந்து உட்கார்ந்துவிடுவார். யாரையும் கூப்பிட மாட்டார். ஆனால் அவர் வந்திருக்கிறார் என்று தெரிந்தபின் வீட்டில் இட்லி இறங்குமா? நாங்கள் ஐந்து பேர் "ஒரு சின்ன வேலை பாக்கி ஸார்" என்று வந்து நிற்போம். எங்களுக்கு வேலை இருக்கிறதே என்று அவர் கிளம்ப மாட்டார். அவர் இருக்கிறாரே என்று நாங்களும் கிளம்ப மாட்டோம். இப்படியே எட்டு மாதம்.

"கொரியாக்காரங்களுக்கு மெட்ராஸ்ல ஒரு சங்கம் இருக்காம். அதுல இவரைச் சேர்த்து விட்டுட்டா ஞாயித்துக்கிழமை நமக்கு" என்றார் ஸ்டோர்ஸ் நண்பர். மேதை!

விசாரித்தேன். 'ஹானின்ஹே' என்று பெயர். கொரியர்கள் கணிசமாகக் குடியேறிய எந்த நாட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். நம் ஆட்கள் எங்கே போனாலும் தமிழ்ச் சங்கம் வைக்கிற மாதிரி. புதிதாக வருகிறவர்களுக்கு வழி சொல்வது, பண்டிகைக்குச் சேர்ந்து சாப்பிடுவது எல்லாம் அங்கே உண்டு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசாவில் வந்தவர்கள் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது போன்ற தலைவலிகளுக்கும் மருந்து கிடைக்கும்.

படிவத்தை நீட்டினேன். பூஜாங் பார்த்தார். மடித்து டிராயரில் வைத்தார். "பிஸி" என்றார். மூன்று தடவை நீட்டினேன், மூன்று தடவையும் பிஸி.

2024 செப்டம்பரில் சூஸோக் வந்தது. கொரியர்களுக்கு அது நம்ம பொங்கலும் திவசமும் சேர்ந்த மாதிரி. அவர்கள் கணக்கில் எட்டாம் மாதப் பௌர்ணமி. அந்த வருஷம் செப்டம்பர் 17. அதற்கு முந்தைய ஞாயிறு சங்கத்தில் விருந்து. டிரைவர் அண்ணனிடம் சொல்லிவைத்து, "கஸ்டமர் விசிட்" என்று ஒரு சின்னப் பொய் சொல்லி, அவரைக் காரில் ஏற்றினேன். நானும் கூடவே போனேன்.

ஹாலுக்குள் நுழைந்ததும் எல்லாரும் எழுந்து குனிந்து வணங்கினார்கள். பூஜாங் திருதிருவென்று விழித்தார். குழந்தைகள் "அப்பா, அப்பா" என்று ஓடிக்கொண்டிருந்தன. ஆமாம், அவர்களுக்கும் அப்பா அப்பாதான். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரிய இலக்கணத்தையும் திராவிட மொழிகளின் இலக்கணத்தையும் ஒப்பிட்டுப் புத்தகம் போட்டார். இன்றைய மொழியியல் அறிஞர்கள் அந்த உறவை ஒப்புக்கொள்வதில்லை. எனக்கு அன்றைக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

தட்டில் ஸோங்பியான் கொடுத்தார்கள். அரிசி மாவில் பாதி நிலா வடிவம், உள்ளே எள்ளும் இனிப்பும். சத்தியமாக எள்ளுக் கொழுக்கட்டை! ஒரு ஓரத்தில் மேஜை போட்டு, சோறு, பழம், அரிசி மது வைத்திருந்தார்கள். ஊருக்குப் போக முடியாதவர்கள் முன்னோருக்குச் செய்வதற்காக. உயிரோடு இருக்கும் பெரியவருக்கு ஒருமுறை விழுந்து வணங்குவார்களாம், போனவர்களுக்கு இரண்டு முறை.

பூஜாங் ரொம்ப நேரம் அந்த மேஜையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஷூவைக் கழற்றிவிட்டுப் போய் விழுந்தார். ஒன்று. இரண்டு. எழுந்திருக்க நேரமானது.

திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்பா" என்றார். கொஞ்சம் கழித்து, உடைந்த ஆங்கிலத்தில், போன ஜனவரியில் என்றார். இங்கே புது லைன் ஓட்டிப் பார்த்த வாரம். அங்கே மூன்று நாளில் அடக்கம் முடிந்துவிடும். இவர் போய்ச் சேர்ந்தது நாலாம் நாள். சங்கத்துக்குப் போனால் யாராவது ஊர் விஷயம் கேட்பார்கள், சொல்ல வேண்டியிருக்கும். அதனால்தான் 'பிஸி'.

"யூ? அப்பா?" என்று கேட்டார்.

எனக்கு அம்பாசமுத்திரம். அப்பா போய் மூன்று வருஷம். அதற்குள் மூன்று மகாளய அமாவாசை வந்து போய்விட்டது. வருஷா வருஷம் அம்மா போனில், "பாபநாசம் வந்து ஒரு கை தண்ணி விட்டுட்டுப் போடா" என்பாள். "லீவு தரமாட்டாங்கம்மா" என்பேன். யாரும் தராமல் இருந்ததில்லை. நான் கேட்டதேயில்லை. ஞாயிற்றுக்கிழமைக்காக இவ்வளவு சதி செய்தவன், அதற்கு ஒரு பேப்பரை நீட்டவில்லை.

விரலில் எண்ணிக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் தட்டிலிருந்த ஸோங்பியானை எடுத்து என் தட்டில் வைத்தார்.

மறுநாள் என் லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டார். அந்த வருஷம் மகாளய அமாவாசை அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி, எப்படியும் விடுமுறை. முதல்நாள் சாயங்காலமே கிளம்ப அனுமதி, மறுநாள் ஒரு நாள் லீவு. தாம்பரத்தில் நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்துப் போய், தாமிரபரணியில் இறங்கினேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. அம்மா படித்துறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிராயரிலிருந்த படிவத்தை பூஜாங் தானே நிரப்பி அனுப்பிவிட்டார். இப்போது ஞாயிறு தவறாமல் சங்கம். ஆபீஸுக்குப் பூட்டு. இயக்கம் மகத்தான வெற்றி.

ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மெட்ராஸுக்கு ஞாயிறுதோறும் கார் ஓட்டுகிற டிரைவர் அண்ணன் மட்டும் என்னோடு பேசுவதில்லை.