இறக்கையற்ற கழுகின் பூர்வீகம்

ரோஸ்மேரி சட்கிளிஃப் 1954இல் எழுதிய 'தி ஈகிள் ஆஃப் த நைன்த்' நாவலுக்குச் சிறியதொரு முன்னுரை உண்டு. இளையோருக்கான சரித்திரக் கதைகளில் முன்னுரையைப் புரட்டித் தள்ளிவிட்டுக் கதைக்குள் குதிப்பதுதான் வழக்கம். இதில் அப்படிச் செய்ய முடியவில்லை. இரண்டு புதிர்களை அங்கேயே போட்டு வைத்திருக்கிறார். கி.பி. 117 வாக்கில் பிரிட்டனின் வடக்கே கிளர்ந்தெழுந்த குடிகளை அடக்கப் புறப்பட்ட ரோமானிய ஒன்பதாம் லீஜியன் என்ற படைப்பிரிவு அதன்பின் என்ன ஆனதென்றே தெரியவில்லை. இது முதல் புதிர். அதற்கு ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, தென் இங்கிலாந்தின் சில்செஸ்டரில் மண்ணுக்கடியிலிருந்து இறக்கை இல்லாத ரோமானியக் கழுகு ஒன்று கிடைத்தது, இது இரண்டாவது. இவ்விரண்டையும் முடிச்சுப் போட்டதில் பிறந்ததே தன் கதை என்கிறார் சட்கிளிஃப்.

கதை இதுதான். மார்க்கஸ் என்ற இளைஞன் ரோமானிய அதிகாரியாக பிரிட்டனுக்கு வருகிறான். அவன் அப்பா ஒன்பதாம் லீஜியனோடு காணாமல் போனவர். முதல் சண்டையிலேயே தேர்ச்சக்கரத்தில் சிக்கிக் கால் நசுங்குகிறது; படைவாழ்க்கை தொடங்கிய சூட்டிலேயே முடிந்துவிடுகிறது. சில்செஸ்டரில், அன்றைய பெயரில் கல்லேவாவில், பெரியப்பா வீட்டில் முடங்கிக் கிடக்கிறான். அங்கே எஸ்கா என்ற அடிமை அவனுக்குத் துணையாகிறான். அப்பாவின் படை இழந்த கழுகுச் சின்னம் வடக்கே ஏதோ ஒரு கோயிலில் இருப்பதாகக் காதில் விழ, எஸ்காவுக்கு விடுதலை கொடுத்து, அவனையும் அழைத்துக்கொண்டு கண் வைத்தியன் வேடத்தில் ரோமானிய எல்லைச் சுவரைத் தாண்டிப் போகிறான்.

இதில் எதெல்லாம் மண்ணிலிருந்து வந்தது, எதெல்லாம் மனத்திலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. தேடலை ரெடிங் அருங்காட்சியகத்திலிருந்து தொடங்கினேன். கழுகு அங்கேதான் இருக்கிறது.

நாவலைப் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றம்தான். ஒரு படையே உயிரைக் கொடுத்துக் காத்த சின்னம் என்றால் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைப்போம்? இது ஒரு சாண் உயரம்கூட இல்லை. வெண்கலம். ஆனால் கண்ணாடிக்கு அருகே குனிந்து பார்த்தால் வார்த்தவனின் கை தெரிகிறது. கழுத்து இறகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அலகின் வளைவில் ஒரு முறைப்பு இருக்கிறது. இறக்கைகள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. இறக்கைகள் இருந்திருந்தால் இது ஓர் அழகான சிலை; அவ்வளவுதான். அவை இல்லாததால், 'இதற்கு என்ன நேர்ந்தது?' என்று கேட்கத் தோன்றுகிறது. கதை பிறக்க அந்தக் கேள்வி போதும்.

அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் சட்கிளிஃப் அல்ல. ஜேம்ஸ் ஜெரால்ட் ஜாய்ஸ் என்ற பாதிரியார் 1866 அக்டோபரில் சில்செஸ்டரின் பசிலிக்காவை, அதாவது நகர மன்றக் கட்டடத்தை, தோண்டிக்கொண்டிருந்தபோது கருகிய மண்படிவத்துக்குள் இது அகப்பட்டது. லீஜியனின் கொடிக்கம்பத்தில் இருந்த கழுகு இதுதான், எதிரி கையில் சிக்கக்கூடாதென்று விசுவாசமான வீரன் எவனோ ஒளித்துவைத்திருக்கிறான் என்று ஜாய்ஸ் முடிவுகட்டினார். ஆக, கதையின் முதல் வரைவை எழுதியவர் அகழ்வாய்வு செய்த அந்தப் பாதிரியார்தான் என்று சொல்ல வேண்டும்.

இன்றைய ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. கழுகின் பாதங்கள் உட்புறம் வளைந்திருக்கின்றன. உருண்டையான ஒன்றைப் பற்றியிருந்த வாகு அது. ஜூபிடர் கடவுளின் சிலையிலோ ஒரு பேரரசரின் சிலையிலோ உலக உருண்டையைப் பிடித்தபடி இருந்த பறவை இது என்பதே இப்போதைய கருத்து. போர்க்களத்தை அது பார்த்திருக்க வாய்ப்பில்லை. நகர மன்றத்தில் நின்றிருந்த சிலையின் ஓர் உறுப்பு, கட்டடத்தோடு சேர்ந்து மண்ணுக்குள் போயிருக்கிறது.

சில்செஸ்டருக்குப் போனால் ஊரே இல்லை. ரோமானியர் போனபின் கைவிடப்பட்ட நகரம் அது; அதன்மேல் புது ஊர் எழும்பவில்லை. ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் சுற்றளவுக்கு மதில் மட்டும் நிற்கிறது. உள்ளே புல்வெளி, ஓரத்தில் ஒரு பழைய தேவாலயம். மதிலின் முகப்புக் கற்களைப் பிற்காலத்தார் பெயர்த்துக்கொண்டு போய்விட, உள்ளிருந்த சக்கிமுக்கிக் கற்கள் சுண்ணாம்புச் சாந்தோடு துருத்திக்கொண்டிருக்கின்றன. பசிலிக்கா இருந்த இடம் இன்று நகரின் நட்டநடுவே வெறும் புல்தரை.

அங்கே நின்றபோதுதான் ஒரு முரண் உறைத்தது. நாவலின் முடிவில் மார்க்கஸ் கழுகைப் பெரியப்பா வீட்டுக்குள்ளேயே, யார் கண்ணிலும் படாதபடி மறைத்துவைக்கிறான். ஜாய்ஸுக்கு அது கிடைத்ததோ பொதுக் கட்டடத்தில், அதுவும் தீயில் கருகிய மண்ணில். எழுத்தாளர் கோட்டைவிட்டுவிட்டாரா? இல்லை. மூன்றாண்டுகள் கழித்து, 1957இல் வந்த 'தி சில்வர் பிராஞ்ச்' நாவலில் மார்க்கஸின் வழித்தோன்றல் ஒருவன் அதே வீட்டில் அந்தக் கழுகைக் கண்டெடுக்கிறான். கதை நடப்பது கி.பி. 296ஐ ஒட்டி. தோற்று ஓடும் கூலிப்படை கல்லேவாவைச் சூறையாடுகிறது, பசிலிக்கா பற்றி எரிகிறது, கழுகு அந்த இடிபாட்டில் புதைந்துபோகிறது. கருகிய மண்ணுக்குக் கணக்கு நேராகிவிட்டது. சான்றுக்கு இந்த அளவுக்குக் கட்டுப்பட்டவர், சான்று இல்லாத இடத்தில் மட்டும் எவ்வளவு சுதந்திரமாகப் பறந்திருக்கிறார் என்பது அப்போதுதான் பிடிபட்டது.

அடுத்தது காணாமல் போன படை. யார்க் நகரில் ஒரு கல்வெட்டுத் துண்டு இருக்கிறது. ட்ராஜன் பேரரசர் காலத்தில், கி.பி. 107-108இல், ஒன்பதாம் லீஜியன் எழுப்பிய கட்டுமானத்தின் கல் அது. பிரிட்டனில் அந்தப் படைக்கு ஆண்டு குறிக்கத்தக்க கடைசித் தடயம் அதுவே. கி.பி. 122 வாக்கில் ஆறாம் லீஜியன் வந்து சேர்கிறது. யார்க் அதன் தளமாகிறது. ரோமில் பேரரசர் மார்க்கஸ் அவ்ரேலியஸ் காலத்துத் தூண் ஒன்றில் பேரரசின் லீஜியன்கள் அத்தனையும் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. ஒன்பதாவது அதில் இல்லை. பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் வடக்கத்திக் குடிகள் அந்தப் படையை அடியோடு அழித்திருக்க வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய வரலாற்றறிஞர் தியோடர் மொம்சன் ஊகித்தார். சட்கிளிஃப் எழுதிய நாளில் அதுவே பெருவழக்காக இருந்த கருத்து.

பிறகு நெதர்லாந்தின் நைமேகன் பக்கம் கவனம் திரும்பியது. ஒன்பதாம் லீஜியனின் முத்திரை குத்திய ஓடுகளும், அதன் பெயர் பொறித்த ஒரு வெண்கலப் பதக்கமும் அங்கே கிடைத்திருக்கின்றன. படையோ, அதன் ஒரு பகுதியோ பிரிட்டனைவிட்டு ரைன் நதிக்கரைக்குப் போயிருக்கிறது என்று பலர் கருதுகிறார்கள். கி.பி. 132இல் மூண்ட யூதர் கிளர்ச்சியில் அது அழிந்திருக்கலாம் என்பது ஒரு தரப்பு. 161இல் ஆர்மீனியாவில் என்பது இன்னொரு தரப்பு. பிரிட்டனில்தான் என்று விடாப்பிடியாக வாதிடுபவர்களும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் பனிமூட்டத்துக்குள் நடந்துபோய் மறைந்த படை என்ற சித்திரம் முன்பிருந்த உறுதியோடு இன்று இல்லை.

யார்க்கில் எதிர்பாராமல் இன்னொன்று கிடைத்தது. செராபிஸ் என்ற எகிப்தியக் கடவுளுக்கு ஒருவர் கோயில் கட்டியதைச் சொல்லும் கல்வெட்டு. கட்டியவர் ஆறாம் லீஜியனின் தளபதி க்ளாடியஸ் ஹியரோனிமியானஸ். நாவலில் பெரியப்பாவின் நண்பராக விருந்துக்கு வந்து, வடக்கே கழுகைக் கண்டதாக உலவும் வதந்தியை மார்க்கஸின் காதில் போடுபவர் பெயரும் அதுதான்; பதவியும் அதுதான்; சட்கிளிஃப் அவரை எகிப்தியராகவே ஆக்கியிருக்கிறார். உண்மை மனிதர் ஏறத்தாழ இரண்டு தலைமுறை பிந்தியவர். கல்லிலிருந்து ஆளை எழுப்பி, கொஞ்சம் முன்னே நகர்த்திக் கதையில் உட்கார வைத்திருக்கிறார்! கண் வைத்திய வேடமும் அப்படித்தான். ரோமானியக் கண் வைத்தியர்கள் கட்டியாக உலர்த்திய மருந்தின்மேல் தங்கள் பெயரைப் பதித்த சிறு கல்முத்திரைகள் பிரிட்டனிலும் பிரான்ஸிலும் நிறையக் கிடைத்திருக்கின்றன. எல்லா ஊரிலும் கண்நோய் இருக்கும். வைத்தியனை யாரும் வாசலில் நிறுத்திவைக்க மாட்டார்கள். அதைவிடப் பொருத்தமான வேடம் கிடைக்காது.

ஆனால் கழுகு சிலையின் துண்டு, படை வேறெங்கோ போயிருக்கலாம் என்றான பிறகும் நாவல் ஏன் தளரவில்லை? விடை தேட எழுத்தாளரின் சொந்த வாழ்க்கைக்குப் போக வேண்டியிருந்தது. 'புளூ ரிமெம்பர்ட் ஹில்ஸ்' என்ற அவருடைய தன்வரலாறு 1983இல் வந்தது. 1920இல் பிறந்தவர். கைக்குழந்தைப் பருவம் தாண்டும் முன்பே மூட்டுகளை முடக்கும் ஸ்டில் நோய் பீடித்தது. அறுவைசிகிச்சைகள், ஆஸ்பத்திரிப் படுக்கைகள் என்றே கழிந்த இளமை; வாழ்நாளின் பெரும்பகுதி சக்கர நாற்காலி. அப்பா கடற்படை அதிகாரி என்பதால் மால்டாவிலும் இங்கிலாந்தின் துறைமுகத் தளங்களிலும் வளர்ந்தார். ஒன்பது வயதுவரை அவருக்கு வாசிக்கத் தெரியாது. அம்மா உரக்கப் படித்துக்காட்டிய கதைகளே பள்ளிக்கூடம். அவற்றில் ஒன்று கிப்ளிங்கின் 'பக் ஆஃப் பூக்ஸ் ஹில்'. எல்லைச் சுவரைக் காக்கும் இளம் ரோமானிய அதிகாரியின் கதை அதில் வருகிறது. பதினான்கு வயதில் பள்ளியை விட்டு ஓவியம் கற்று, நுண்ணோவியக் கலைஞரான பிறகே எழுத வந்தார்.

மார்க்கஸின் வடிவம் கிப்ளிங்கிடமிருந்து வந்தது. ஆனால் கால் சட்கிளிஃபுடையது. ஆறாத புண்ணை மீண்டும் திறந்து உள்ளே தங்கிய சில்லுகளை மருத்துவர் எடுக்கும் இடத்தைப் படித்துப் பாருங்கள். வலியைவிட, அதற்கு முந்தைய காத்திருப்பே பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது. மேசையில் கிடந்தவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம் அது. பிந்தைய நாவல்களிலும் இது தொடர்கிறது. 'சில்வர் பிராஞ்ச்' ஜஸ்டினுக்குத் திக்குவாய். 1958இல் வந்த 'வாரியர் ஸ்கார்லெட்' நாவலின் ட்ரெமுக்கு ஒரு கை சூம்பிப்போனது.

கிப்ளிங்கிடமிருந்து அவர் விலகும் இடமும் முக்கியம். ஒரு காட்சியில் எஸ்கா, மார்க்கஸின் குத்துவாள் உறையில் உள்ள கட்டம் கட்டிய ரோமானியச் சித்திர வேலையையும், தன் மக்களின் கேடயத்தில் நீரோடைபோல் வளைந்தோடும் கோடுகளையும் ஒப்பிட்டுக் காட்டுகிறான். ஒன்றைப் பழகிய மனம் மற்றதை ஏன் எளிதில் புரிந்துகொள்ளாது என்று ஆள்பவனுக்கு ஆளப்படுபவன் பாடம் எடுக்கிறான். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் பாட்டர்ஸி கேடயத்தின் சுழல்களைப் பார்த்தபோது எஸ்காவின் வாதம் கண்ணெதிரே நின்றது. பேரரசின் சுமை தெரிந்த நாட்டில் பிறந்த எனக்கு, இந்த நாவலில் மிகவும் முதிர்ச்சியான பக்கம் அதுதான். அடிமை முறையைச் சட்கிளிஃப் இன்னும் கடுமையாகப் பார்த்திருக்கலாம் என்ற குறை எனக்கு உண்டு. ஆனால் எஸ்காவை வாயில்லாதவனாக அவர் விடவில்லை.

வடக்கே சீல் குடியினர் சிறுவர்களை ஆண்மக்களாக ஏற்கும் சடங்கு நாளில்தான் கழுகு வெளியே வருகிறது. புதிய ஈட்டி பெற்று நிமிர்கிறார்கள் அந்தச் சிறுவர்கள். அதே நாளில், ஈட்டி ஏந்தும் வாழ்க்கை முடிந்துபோன மார்க்கஸும் தன் வழியில் பெரியவனாகிறான். அவன் மீட்டுவந்த கழுகால் லீஜியன் மீண்டும் எழவில்லை. அப்பாவின் பெயரை ஊரறிய முழங்கவும் முடியவில்லை. நிலமும் உழைப்பும் துணைவர்களும் போதும் என்று அவன் முடிவெடுப்பதே கதையின் வெற்றி.

ஆக, இந்த நாவலுக்குப் பூர்வீகம் இரண்டு. புதிரைக் கொடுத்தது சில்செஸ்டர் மண். அந்தப் புதிருக்குள் அனுப்பத் தகுந்த ஆளைக் கொடுத்தது ஒரு குழந்தையின் நோய்ப்படுக்கை. முதலாவதை அகழ்வாய்வாளர்கள் இன்னும் பலமுறை திருத்துவார்கள். திருத்தட்டும், அது அவர்கள் வேலை. இளையோருக்குப் பழங்காலத்தை எழுத நினைப்பவர்கள் சட்கிளிஃபிடம் கற்க வேண்டியது இதையே: சான்று உள்ள இடத்தில் அதற்கு அடங்கி நட, அது முடியும் இடத்தில், நீயே அனுபவித்த ஒன்றை வை. படித்ததை மட்டும் வைத்து நிரப்பிய இடைவெளி, அடுத்த அகழ்வாய்வில் காலாவதியாகிவிடும்.