ரோஸ் குஞ்சு முட்டை போடுமா?

டிவிஎஸ் 50 வண்டியின் பின்னால் கட்டியிருந்த கூடைக்குள் பச்சை, ரோஸ், ஊதா என்று கலர் கலராகக் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. புன்னக்காயல் தெருவில் வண்டி நின்றதும் முதலில் ஓடியது அந்த வீட்டின் ஏழு வயதுப் பேரன். பின்னாலேயே பாட்டி.

"முட்டைக்கோழியாய்யா?"

"சுத்தமான முட்டைக்கோழி இனம், பாட்டி" என்றார் வியாபாரி.

அவர் சொன்னது பொய்யில்லை. சிக்கலே அங்கேதான்!

பாட்டிக்கு அப்போது முட்டைக்கோழி அவசரத் தேவை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. பக்கத்தில் இருக்கும் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கடலில் கலக்கிற இடத்தில் இருக்கும் ஊர் என்பதால், ஆற்று வெள்ளம் புன்னக்காயலைச் சூழ்ந்துகொண்டது. வீட்டு ஆட்கள் தப்பினார்கள். பஞ்சாரத்தில் இருந்த ஒன்பது கோழிகள் தப்பவில்லை. ஆண்கள் கடலுக்குப் போக முடியாத நாட்களில் பாட்டியின் முட்டைக் காசில்தான் பால் வாங்குவார்கள். அதுவும் நின்றது.

போன கோழிகளில் ஒன்று, சாம்பலும் வெள்ளையுமாகக் குறுக்குக் கோடு போட்ட பெட்டை. அதற்குச் சேர்ந்த சேவல் கன்னங்கரேல். அந்தக் குஞ்சுகளைப் பொரித்த அன்றே பாட்டி பிரித்துவிடுவார். கறுப்புக் குஞ்சின் உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல், இல்லாவிட்டால் பெட்டை. ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்பார்.

வெள்ளத்துக்குப் பிறகு ஆத்தூரில் தெரிந்தவர் வீட்டிலிருந்து எட்டு முட்டை வாங்கி வந்து, இரவல் அடைக்கோழி ஒன்றின் அடியில் வைத்தார். எட்டும் பொரித்தன. எல்லாமே கறுப்பு. எட்டின் உச்சியிலும் வெள்ளைப் பொட்டு!

"அத்தனையும் சேவலா போச்சே மக்கா" என்று உட்கார்ந்துவிட்டார். இரண்டு குஞ்சுகளைப் பக்கத்து வீட்டுக்குச் சும்மாவே தூக்கிக் கொடுத்தார். அந்த மனக்குறையோடு இருந்தபோதுதான் கலர் குஞ்சு வண்டி வந்தது. ரோஸ் குஞ்சு ஒன்று வீட்டுக்குள் வந்ததும் அப்படித்தான்.

பாட்டியின் கணக்கு எங்கே பிசகியது?

மனிதர்களில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது அப்பாவிடமிருந்து வரும் குரோமோசோமைப் பொறுத்தது. கோழியில் அது தாயைப் பொறுத்தது. சேவலுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. இறகில் கோடு போடும் மரபணு இந்த இசட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. கோடு போட்ட தாய் தன் இசட்டை மகனுக்கு மட்டும்தான் கொடுக்கும். மகளுக்குப் போவது டபிள்யூ. அதனால் பழைய ஜோடியில் பொட்டு சேவல் குஞ்சுக்கு மட்டும் வந்தது. ஆத்தூர் வீட்டில் ஜோடி தலைகீழ். சேவலுக்குக் கோடு, பெட்டை கறுப்பு. தகப்பன் எல்லாக் குஞ்சுக்கும் ஓர் இசட் கொடுக்கும் அல்லவா? மகனுக்கும் பொட்டு, மகளுக்கும் பொட்டு.

ரெஜினால்ட் புன்னெட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி முதல் உலகப் போர் சமயத்தில் இந்த வழியைத்தான் சொன்னார். தீவனத் தட்டுப்பாடு, சேவல் குஞ்சுக்குத் தீனி வீணாகக் கூடாது, நிறத்தைப் பார்த்து முதல் நாளே பிரிக்கலாம் என்றார். பாட்டி அவர் பெயரைக் கேட்டதில்லை. கண்டுபிடித்தது என்னவோ அதையேதான், பாதி வரைக்கும்.

மற்றபடி நம் நாட்டுக்கோழியில் நிறத்தை நம்பிப் பந்தயம் கட்ட முடியாது. பல இனம் கலந்த ரத்தம். அணில் மாதிரி முதுகில் கோடு இருந்தால் பெட்டை என்பார்கள், கூர் முட்டையில் சேவல் பொரிக்கும் என்பார்கள். பலித்தால் பலித்ததுதான். இனம் கண்டுபிடிக்கவும் நிறம் மட்டும் போதாது. பக்கத்து வீட்டுக்காரர் கறுப்புக் குஞ்சைப் பார்த்து, "கடக்நாத்தாக்கும், நல்ல விலை போகும்" என்று ஆசை காட்டினார். மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதியின் அந்தக் கருங்கோழிக்குத் தோல், கொண்டை, நாக்கு வரை கறுப்பு ஏறியிருக்கும். பாட்டி அலகைத் திறந்து பார்த்தார். நாக்கு வெளுப்பாக இருந்தது. பேச்சு முடிந்தது.

சரி, ரோஸ் குஞ்சு?

முட்டைக்கோழிக் குஞ்சுப் பொரிப்பகங்களில் பொரித்த அன்றே ஆண், பெண் பிரித்துவிடுகிறார்கள். பெட்டைகள் பண்ணைக்குப் போகும். சேவல் முட்டை போடாது, கறிக்கோழி மாதிரி சீக்கிரம் சதையும் வைக்காது. பண்ணைக்கு அதனால் லாபமில்லை. பெரும்பாலும் அப்படிக் கழிக்கப்பட்ட குஞ்சுகள்தான் சாயத்தில் முங்கித் தெருவுக்கு வருகின்றன. இனம் முட்டைக்கோழி இனம்தான், குஞ்சு சேவல். நாட்டுக் குஞ்சின் நிறம் குழப்பலாம். சாயம் போட்ட குஞ்சு என்றால் சேவலாகத்தான் இருக்கும் என்று ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

அதுகூட உயிரோடு இருந்தால்தானே! முதல் வாரக் குஞ்சுக்குச் சுமார் 35 டிகிரி சூடு வேண்டும். தாயும் இல்லாமல், பல்பும் இல்லாமல் பல குஞ்சுகள் இரண்டு மூன்று நாளில் சுருண்டுவிடும். பேரன் செருப்பு டப்பாவுக்குள் பழைய லுங்கித் துண்டு போட்டு, மேலே பல்பு தொங்கவிட்டு இதைக் காப்பாற்றினான். இறகு முளைக்க முளைக்க ரோஸ் மறைந்து வெள்ளைக் கோழி வெளியே வந்தது. ஆறேழு வாரத்தில் கொண்டை சிவந்து பெருத்தபோதே பாட்டிக்குப் புரிந்துவிட்டது. பேரனிடம் சொல்லவில்லை.

அதே சமயத்தில் பொட்டுக் குஞ்சுகளும் வளர்ந்தன. வீட்டில் நின்ற ஆறில் நான்கு பெட்டை. இப்போது முட்டையும் வைக்கின்றன. பக்கத்து வீட்டுக்குச் சும்மா கொடுத்த இரண்டும் பெட்டை என்பதில்தான் பாட்டிக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு விடியற்காலை. பஞ்சாரத்துக்குள்ளிருந்து தொண்டை அடைத்த மாதிரி ஒரு கூவல்.

"ஏல மக்கா, ஒன் முட்டைக்கோழி கூவுதுல!"

பேரன் எழுந்து ஓடிப்போய் பஞ்சாரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டான். இந்த வருஷம் பண்டிகைக்குத் தனக்கு மீன் குழம்பு போதும் என்று அங்கிருந்தே அம்மாவிடம் கத்திச் சொன்னான்.