சம்பலுக்குள் இருந்த கூனி

எனது மகளின் ஆறாவது பிறந்த நாளுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் மதிய உணவு கொடுத்தோம். பிறந்த நாள், ஆண்டுத் திவசம் என்றால் இப்படிக் கொடுப்பது எங்களிடையே வழக்கம்தானே. சோறு, பருப்பு, கத்தரிக்காய், கோழிக்கறி, அப்பளம், எல்லாம் வீட்டில்தான் சமைத்தேன். ருசியாக இருக்கட்டும் என்று, கூனி இறாலை வறுத்து இடித்து ஒரு சம்பலும் செய்தேன்.

அந்த இல்லத்துச் சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. யார் யாருக்கு என்ன கொடுக்கக்கூடாது என்று அதில் எழுதியிருந்தார்கள். ஓர் அம்மாவின் பெயருக்கு எதிரே "இறால், நண்டு கூடாது" என்றிருந்தது. சமைக்கும் அக்கா என்னிடம் கேட்கவும் செய்தார்.

"தங்கச்சி, இறால் ஏதும் போட்டனீங்களோ?"

"இல்லையக்கா, கோழி மட்டும்தான்."

நான் பொய் சொல்லவில்லை. இறால் என்றதும் கறிதான் மனதில் வந்தது. தூளாகிப்போன கூனி நினைவுக்கே வரவில்லை.

இரண்டு வாய் சாப்பிட்டதும் அந்த அம்மா, "வாயெல்லாம் கடிக்குது பிள்ளை" என்றார். உறைப்பாக்கும் என்று தண்ணீர் கொடுத்தேன். சிறிது நேரத்தில் உதடு வீங்கியது. கழுத்தில் தடிப்புத் தடிப்பாகச் சிவந்தது. குரல் அடைத்து மூச்சு இழுக்கத் தொடங்கியது. அக்கா என் கையைப் பிடித்து, "யோசிச்சுச் சொல்லுங்கோ, என்ன போட்டனீங்கள்?" என்று கேட்டபோதுதான் எனக்குத் தலையில் இடி விழுந்தது.

ஒருவர் பிரிட்டன் குளிசை தேடி ஓடினார். அது கடியைக் குறைக்கும். மூச்சு அடைக்கும்போது அதை நம்பி இருக்கக்கூடாது. அக்கா உடனே 1990க்கு அழைத்தார். அம்மாவை நடக்கவிடாமல், காலை நீட்டிச் சாய்ந்தபடி இருக்கவைத்தார். வைத்தியசாலையில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். குறைந்த பின்னும் திரும்ப வரக்கூடும் என்பதால் அன்றிரவு அங்கேயே வைத்திருந்தார்கள். நான் வெளி வாங்கில் இருந்தேன். மகளின் கேக் வெட்டப்படவில்லை.

நன்றாக வேகவைத்தாலும் பொரித்தாலும் இறாலின் ஒவ்வாமை போகாது என்று வைத்தியர் சொன்னார். இரத்த அழுத்தத்துக்கு எடுக்கும் சில மருந்துகள் அந்த ஊசியின் பலனைக் குறைக்கவும் கூடுமாம். முதியவர்களில் எத்தனை பேர் அந்த மருந்து எடுக்கிறார்கள்!

இப்போது அந்த இல்லத்தில், வெளியிலிருந்து உணவு கொண்டுவருபவர் சம்பல் உட்பட ஒவ்வொன்றிலும் என்ன சேர்த்தார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மீன் ஒத்துக்கொள்ளாதவருக்குச் சீனிச் சம்பலில் கிடக்கும் மாசியும், பருப்பு வடைக்கு முன் அதே எண்ணெயில் மீன் பொரித்ததும் ஆபத்துத்தான். தாளில் பெயருள்ளவர்களுக்கு இல்லத்துச் சமையலையே, வேறு அகப்பையால், மற்றவர்களுக்கு முன்பாகப் பரிமாறுகிறார்கள். மறதி உள்ளவர்களுக்குப் பக்கத்தில் ஒருவர் இருப்பார். அயலில் இருப்பவர் அன்போடு ஒரு துண்டை எடுத்து வைத்துவிடுவாரே, அதைத் தடுப்பதுதான் பெரும்பாடு. எழுதிக் கேட்பதைச் சிலர் அவமரியாதையாக எடுப்பதாகவும் அக்கா சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அடுத்த பிறந்த நாளுக்கு அரிசி, பருப்பு, மரக்கறி என்று சமைக்காத பொருட்களாகக் கொண்டுபோனோம். அந்த அம்மா மகளைப் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன பிள்ளை, இந்த முறை சம்பல் இல்லையோ?"