மஞ்சவாடிக் கணவாயும் மாமாவின் காரும்

பாப்பிரெட்டிப்பட்டி என்று ஒரே மூச்சில் மூன்று தடவை சொல்லிப் பாருங்கள். (பல் செட் வைத்திருப்பவர்கள் முயற்சிக்க வேண்டாம்.) இந்தப் பெயரை முழுசாகச் சொல்கிற கண்டக்டரை நான் இதுவரை சந்தித்ததில்லை. 'பாப்ரெட்டிட்டி...' என்று பாதியை விழுங்கிவிட்டு மீதிக்கு விசில் ஊதிவிடுவார். போதாக்குறைக்கு அதே தர்மபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டி என்று இன்னொரு ஊர். சுப்பிரமணிய சிவா 1925-ல் காலமானது அங்கேதான். ஆனால் அவர் பெயரில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதோ கோபாலபுரத்தில், நம் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம்! தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் அவசரத்தில் ஏறி, ஊர் மாறி இறங்கி, பெண் பார்க்கிற நல்ல நேரத்தைத் தவறவிட்ட மாப்பிள்ளைகள் உண்டு. சிலர் தப்பித்ததாகவும் சொல்கிறார்கள்.

எனக்கு அந்தக் குழப்பம் கிடையாது. நான் மெட்ராஸில் ராத்திரி ரயில் ஏறி, பொம்மிடியில் கொட்டாவியோடு இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்கிற ஆசாமி. பாப்பிரெட்டிப்பட்டியில் என் அம்மாவின் தம்பி மளிகைக் கடை வைத்திருந்தார். லீவு கிடைத்தால் அங்கேதான். தெற்கே பார்த்தால் சேர்வராயன் மலை. அந்தப் பக்கம் அதற்கு ஏற்காடு என்று பெயர். ஸ்வெட்டர், படகு, தேன்நிலவு ஜோடிகள். இந்தப் பக்கம் அதே மலையின் முதுகு. முதுகிலிருந்து இறங்கி வருகிற வாணியாற்றை முள்ளிக்காட்டில் அணை கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். கரும்பு, மஞ்சள், குச்சிக்கிழங்கு எல்லாம் விளைகிற பூமி. குச்சிக்கிழங்கு என்றால் மெட்ராஸ்காரர்களுக்கு விழிக்கத் தோன்றும். மரவள்ளிதான் ஸார். உங்கள் வீட்டுப் பாயசத்தில் மிதக்கிற ஜவ்வரிசிக்கு மூலப்பொருள் அது. லாரி லாரியாகச் சேலம் பக்கத்து சேகோ ஆலைகளுக்குப் போகும்.

இந்த ஊருக்குத் தலைநகரம் தர்மபுரி என்பது மேப்பில் மட்டும்தான். கலெக்டரைப் பார்க்க வேண்டுமானால் தர்மபுரி. ஜவுளி, நகை, ஸ்கேன், சினிமா, பெரியாஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் சேலம். நாற்பது கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். நடுவில் ஒரே ஒரு சங்கடம், மஞ்சவாடிக் கணவாய். ஒரு புறம் சேர்வராயன், மறுபுறம் சித்தேரி மலையைச் சேர்ந்த குன்றுகள். இரண்டும் கைகுலுக்க நெருங்கி வந்து, கடைசி நிமிஷத்தில் மனஸ்தாபப்பட்டு நின்றுவிட்ட மாதிரி ஒரு இடைவெளி. அதற்குள் ரோடு வளைந்து ஏறி இறங்கும். ஊட்டி, கொல்லிமலை மாதிரி பயங்கர ஏற்றம் ஒன்றும் கிடையாது. பஸ்ஸில் போனால் ஒரு தூக்கத்தில் கடந்துவிடலாம்.

மாமாவின் காரில் போனால்தான் அது இமயமலை.

கார் என்ன கம்பெனி என்று சொல்ல மாட்டேன். வயசானவர்களைப் பற்றி அவதூறு பேசக்கூடாது. 1990-ல் சேலத்தில் மூன்றாவது கையாக வாங்கினார். நல்ல ஆகிருதி. கதவைச் சாத்தினால் தெருமுனை வரை கேட்கும். முன்னால் நாலு பேர், பின்னால் ஆறு பேர், மடியில் குழந்தைகள், டிக்கியில் ஒரு மூட்டை பருப்பு என்று ஏற்றினாலும் முகம் சுளிக்காது. நகராது, அவ்வளவுதான்.

அந்தத் தெருவிலேயே கார் வைத்திருந்தவர் மாமா ஒருவர்தான். அதனால் அது அவர் கார் என்று நினைப்பு அவருக்கு மட்டுமே. கல்யாணமா, மாப்பிள்ளை அழைப்புக்கு அது. பாம்பு கடித்ததா, அது. பிரசவ வலியா, அது. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்ததே 2008-ல்தான். அதற்கு முன் இந்த மாதிரி ஊர்களில் நடுராத்திரி உடம்புக்கு வந்தால் இரண்டே வழி. ஒன்று கடவுள், இன்னொன்று கார் வைத்திருப்பவர் வீட்டுக் கதவு. கடவுளாவது கொஞ்சம் யோசிப்பார். மாமா லுங்கியோடு சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். பெட்ரோல் காசுகூட வாங்க மாட்டார். கார் ஒத்துழைத்ததா என்பது வேறு விஷயம்.

முதல் வருஷம் டைனமோ. இரண்டாம் வருஷம் கிளட்ச் பிளேட். அப்புறம் ரேடியேட்டர் ஒழுகல். அதற்கு மஞ்சள் தூள் போட்டு அடைத்த கதையெல்லாம் உண்டு. ஊரில் மஞ்சள் விலை இறங்கியிருந்த சமயம். ஆனால் இவையெல்லாம் வைத்தியம் உள்ள வியாதிகள். தீராத வியாதி ஒன்று இருந்தது. கோடை வெயிலில், பகல் பதினொரு மணிக்கு மேல், கணவாய் ஏற்றத்தில், சரியாக மூன்றாவது வளைவு தாண்டியதும் இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிடும். அரைமணி கழித்து, ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக்கிடம் கொண்டு போனால் குழந்தை டாக்டரைப் பார்த்ததும் சிரிக்கிற மாதிரி ஒழுங்காக ஓடும்.

ஊரில் இதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கணவாயில் ஏதோ காத்து கருப்பு இருக்கிறது என்று ஒரு கட்சி. அங்கே குரங்குக்குப் பொரிகடலை போடாமல் போவதால் என்று இன்னொரு கட்சி. மாமி இரண்டையும் நம்பி, போகும்போது குரங்குக்குக் கடலையும் வளைவில் தேங்காயும் ஏற்பாடு செய்தாள். குரங்குகள் கொழுத்தன. கார் நின்றது.

உண்மைக் காரணம் விசித்திரமானது. பெட்ரோல் ஒரு திரவம் என்று நாம் நினைக்கிறோம். அது எப்போது வேண்டுமானாலும் ஆவியாகத் தயாராக இருக்கிற திரவம். பழைய கார்களில் பெட்ரோல் பம்ப் என்ஜினின் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டு இருக்கும். பின்னால் இருக்கிற டாங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி முன்னால் கார்புரேட்டருக்கு அனுப்ப வேண்டும். ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கிற மாதிரி. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் சீக்கிரம் கொதிக்கும். ஏற்றத்தில் இரண்டாவது கியரில் மெதுவாக ஊர்கிறபோது என்ஜின் கொதிக்கிறது, முகத்தில் காற்றும் படுவதில்லை. குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். ஸ்ட்ராவில் காற்றுக் குமிழ் புகுந்த கதை. பம்ப் அடித்துக்கொண்டே இருக்கும். போவது வெறும் ஆவி. கார்புரேட்டர் காய்ந்து, இரண்டு இருமல், காலி. இதற்கு ஏர்லாக் என்று டிரைவர்கள் வைத்த பெயர். வேப்பர் லாக் என்பது புத்தகத்துப் பெயர். பரிகாரம், பம்பின் மேல் ஈரத்துணி சுற்றுவது. அந்தக் காலத்து டாக்ஸிகளில் பானட்டைத் திறந்தால் ஒரு ஈரத்துண்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டிரைவர் துவைத்துக் காயப்போட்டது அல்ல.

இதில் இன்னொரு கூத்து. ஏற்றம் முடிந்தது, அப்பாடா என்று டீ குடிக்க நிறுத்தினால் அப்போதும் மாட்டிக்கொள்வோம். என்ஜினை அணைத்ததும் ஃபேனும் நிற்கிறது, தண்ணீர் ஓட்டமும் நிற்கிறது. உள்ளே இருக்கிற சூடு வெளியேற வழியில்லாமல் பம்பின் மேல் பாய்கிறது. ஓடின காரைவிட, ஓடி நின்ற காருக்குத்தான் ஆபத்து. மாமா டீக்கடையில்கூட என்ஜினை அணைக்காமல் கிளாஸைக் கையில் வாங்கிக் குடித்ததை ஊர் பகட்டு என்று நினைத்தது.

ஈரத்துணி, பம்பு மாற்றல், குழாயைத் தள்ளிப் பொருத்துதல், கல்நார்க் கயிறு சுற்றுதல் எல்லாம் ஆயிற்று. மாமா கடைக் கணக்கு மாதிரியே காருக்கும் ஒரு நீளநோட்டு வைத்திருந்தார். பாக்கெட் கால்குலேட்டரோடு போயிருந்த நான் ஒரு தடவை கூட்டிப் பார்த்தேன். கார் வாங்கினது முப்பத்தெட்டாயிரம். ஐந்து வருஷ ரிப்பேர் நாற்பத்தோராயிரத்துச் சொச்சம்.

"மாமா, இந்தக் காசுக்கு இன்னொரு கார் வாங்கியிருக்கலாம்."

"அதுவும் இப்படி நின்னா, அப்ப ரெண்டு காரு நிக்குமே மாப்ளே?"

பதில் சொல்லத் தெரியவில்லை.

மெக்கானிக் அண்ணன் மட்டும் வித்தியாசமான ஆள். அவருக்கு வருமானமே இந்தக் காரால்தான். ஆனாலும் ஒருநாள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நானு சொல்லக் கூடாதுங்க. ஆனா வித்துப்புடுங்க. உங்களுக்கு மட்டும்னா பரவால்ல, தெருவே இத நம்பிக்கிட்டு இருக்குது." மாமா காது கேட்காதவர் மாதிரி டயரைத் தட்டிப் பார்த்தார்.

1995 மே மாதம் அந்த நாள் வந்தது. பக்கத்துத் தெருவில் இட்லிக் கடை வைத்திருந்த அம்மாவின் பெண்ணுக்குத் தலைப்பிரசவம். உள்ளூரில் பார்த்துவிட்டு, குழந்தை திரும்பியிருக்கிறது, உடனே சேலம் கொண்டு போங்கள் என்றார்கள். மணி பதினொன்று. அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பஸ்ஸில் உட்கார்கிற நிலைமையிலும் அந்தப் பெண் இல்லை. மாமா சாவியை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன், ஈரத்துணிக்குத் தண்ணீர்க் குடத்தோடு.

மூன்றாவது வளைவு. இரண்டு இருமல்.

மாமா ஒன்றும் பேசாமல் பானட்டைத் திறந்தார். குடத்துத் தண்ணீரை அப்படியே ஊற்றினேன். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. ஸ்டார்ட்டர் முனகியது. பின் ஸீட்டில் அந்தப் பெண் கத்தக்கூட இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கம்பியைப் பிடித்திருந்தாள். அவள் அம்மா மட்டும், "நின்னுடுச்சுங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் மாமாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

குச்சிக்கிழங்கு லோடு ஏற்றிய லாரி ஒன்று முனகிக்கொண்டே ஏறி வந்தது. மாமா நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்றார். டிரைவர் திட்ட வாயைத் திறந்தவர், காருக்குள் பார்த்ததும் மூடிக்கொண்டார். கிளீனர் பையன் கிழங்கு மேல் ஏறிக்கொள்ள, அம்மாவையும் பெண்ணையும் கேபினில் ஏற்றினோம். "ஹாரனை விட்டுக் கைய எடுக்க மாட்டேங்க, கவலப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே செய்தார். வளைவுக்கு வளைவு அந்த ஹாரன் தேய்ந்துகொண்டே போனது கேட்டது.

அரைமணி கழித்து மாமா சாவியைத் திருப்பினார். கார் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆயிற்று.

சேலம் போய்ச் சேர்ந்தபோது பெண் குழந்தை பிறந்திருந்தது. தாயும் சேயும் நலம். இட்லிக்கடை அம்மா மாமாவைப் பார்த்ததும், "நீங்க கொண்டாந்து வுடலன்னா என்ன ஆயிருக்குமோ!" என்று கும்பிட்டாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் ஒரு மாதம் அந்த இட்லிக்கடை வழியாக அவர் நடக்கவே இல்லை. கடைக்குப் பின் சந்து வழியாகச் சுற்றிப் போனார். ஊர் திரும்பிய ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது சொன்ன ஒரே வார்த்தை, "வித்துடலாம்."

எதை வாங்குவது? 1983 டிசம்பர் 14-ல் இந்திரா காந்தி டில்லியில் ஹர்பால் சிங் என்பவரிடம் சாவி கொடுத்தாரே, அந்த மாருதி 800 அப்போதே நாடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. ஆரம்ப விலை 47,500 ரூபாய். ஹர்பால் சிங் அந்தக் காரை 2010-ல் தான் இறக்கும் வரை விடவே இல்லை. ஆனால் பாப்பிரெட்டிப்பட்டியில் அதற்கு மதிப்பு கிடையாது. "மூணு சிலிண்டரா? நம்ம ஊரு பம்புசெட்டுக்கே பத்தாது" என்றார்கள். மாமி, "இதுல நானு மட்டும் உட்காரலாம். நீங்க?" என்றாள். கட்டிலைப் போட்டுப் படுக்க முடியாத வண்டி எப்படி ஆஸ்பத்திரிக்கு ஆகும் என்பது இட்லிக்கடைக் கட்சி.

மெக்கானிக் அண்ணன்தான் சேலத்தில் ஒரு பழைய மாருதியைப் பார்த்து வைத்தார். மாமா ஒரு நிபந்தனை போட்டார். மே மாதம், பன்னிரண்டு மணி வெயில், ஆறு ஆள், கணவாய். விற்கிறவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான், மாமா, மாமி, மெக்கானிக், விற்கிறவர், மாமியின் அக்கா. அந்தச் சின்ன வண்டிக்குள் எப்படி நுழைந்தோம் என்பதை மறுபடி செய்து காட்டச் சொன்னால் என்னால் முடியாது. மூன்றாவது வளைவில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். வேறு வழியும் இல்லை. மூச்சு விட இடம் இல்லை. வண்டி தையல் மெஷின் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு ஏறிவிட்டது. மாமா மேலே நிறுத்தி, என்ஜினை அணைத்து, பத்து நிமிஷம் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினார். பிடித்தது. அங்கேயே அட்வான்ஸ்.

உங்களில் யாராவது பழைய வண்டி வாங்குகிற யோசனையில் இருந்தால் மாமாவின் முறையைச் சிபாரிசு செய்கிறேன். காலை எட்டு மணிக்கு நிழலில் நிறுத்தி ஸ்டார்ட் பண்ணிக் காட்டினால் எந்தக் காரும் நல்ல கார்தான். அதோடு 29, 30 என்ற இரண்டு ஃபாரத்திலும் விற்பவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு காசைக் கொடுங்கள். லோன் வண்டியானால் 35-ம் வேண்டும். புரோக்கர் 'நாளைக்கு வாங்கித் தரேன்' என்பார். அந்த நாளை பஞ்சாங்கத்திலேயே கிடையாது.

பழைய காரை எடுக்க வந்த புரோக்கர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இரும்பு விலைக்குத்தாங்க" என்றார். மாமா பேரம் பேசவில்லை. பின் ஸீட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார்.

இப்போது யார் வீட்டு வாசலில் கார் இல்லை! மாருதி 800 உற்பத்தியே 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. அம்பாஸடரும் அதே வருஷம் மே மாதம் விடைபெற்றது. இன்றைய கார்களில் பம்ப் டாங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கி உட்கார்ந்து, உறிஞ்சாமல் அழுத்தித் தள்ளுகிறது. ஆவிக்கு வேலை இல்லை. மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கடையைப் பையன் பார்த்துக்கொள்கிறான். அந்தப் பின் ஸீட் கடை வாசலில் பெஞ்சாக இருக்கிறது. மாமா அதில்தான் உட்கார்ந்திருக்கிறார். சேலத்திலிருந்து யார் காரில் வந்து இறங்கினாலும் முதல் விசாரிப்பு ஒன்றுதான்.

போன கோடையில் நான் போயிருந்தபோது ஏ.ஸி. காரில் ஒரு பையன் வந்து இறங்கினான். மாமா கேட்டார்.

"ஏம்ப்பா, கணவாய்ல வண்டி எதும் மக்கர் பண்ணுச்சா?"

பையன் காதிலிருந்து எதையோ எடுத்துவிட்டு, "எந்தக் கணவாய்ங்க தாத்தா?" என்றான்.